மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ மாற்றி பிராக்கெட்டிங் செய்வது பயன் தருமா?

நெய்தல்வெளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தின் உள்ளே நின்று கிழக்கே பார்த்தால், இடக்கைப் பக்கம் வடசுவரில் துர்க்கையின் போர்க்காட்சியும், நேரே தூண்களும், தூண்களுக்கு அப்பால் வெயிலில் காயும் பாறைகளும் மரங்களும் தெரியும். இவை மூன்றையும் ஒரே படத்தில், எதுவும் வெளுத்துப்போகாமலும் கருத்துப்போகாமலும் கொண்டுவர விரும்புகிறேன். என்னிடம் இருப்பது கேனான் 6டி கேமராவும் 24-105 எஃப்/4 லென்ஸும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால், முன் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க முடியாது. ஆகவே எதுவானாலும் கையில் பிடித்தே எடுக்க வேண்டும்.

24 மி.மீ. குவியத் தூரத்தில், எஃப்/8 துளையில், ஐஎஸ்ஓ (பதிவாகும் படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு) 100-இல் அளந்து பார்த்தேன். வெளியே உள்ள வெயிலுக்கு 1/400 நொடி வருகிறது. உள்ளே சிற்பத்தின் நிழற்பகுதிக்கு ஏறத்தாழ 1/3 நொடி வருகிறது. இரண்டுக்கும் இடையே ஏழு ஸ்டாப் வேறுபாடு (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு). கேமராவில் உள்ள தானியங்கி பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் அடுத்தடுத்து எடுப்பது) ஷட்டர் வேகத்தை மட்டுமே மாற்றுகிறது. அதில் மெதுவான படம் கை நடுக்கத்தால் கலங்கிவிடுகிறது, நடுவே நடந்து செல்பவர்களும் நிழல்போல இழுபட்டு வருகிறார்கள்.

அதனால் எனக்குத் தோன்றிய வழி இது. ஷட்டரை 1/400-இலும் துளையை எஃப்/8-இலும் நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓவை மட்டும் 100, 1600, 12800 என்று மாற்றி மூன்று படங்கள் எடுத்து, பின்னர் ஹெச்டிஆர் மென்பொருளில் (வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக்குவது) இணைத்தால் என்ன? எல்லாப் படங்களும் கூர்மையாக இருக்குமே. சோனி ஏ7 மார்க் 3 வைத்திருக்கும் என் நண்பர், இதனால் ஒரு பயனும் இல்லை, ஐஎஸ்ஓ 100 படத்தின் வெளிச்சத்தையே ரா கோப்பில் (சென்சார் பதிவு செய்த மூலத் தரவு) பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். வேறு சிலரோ, கேனானில் இதனால் நல்ல பயன் உண்டு என்கிறார்கள். இருவரில் யார் சொல்வது சரி என்பதைக் காரணத்தோடு விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஒளிக்கணக்கன் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். இருவர் சொல்வதும் அவரவர் கேமராவைப் பொறுத்தவரை சரியே. ஆனால் 1/400-இலேயே நின்றுகொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றும் உங்கள் திட்டம் எந்தக் கேமராவிலும் நல்ல விளைவைத் தராது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஷட்டரும் துளையும் சென்சாருக்கு எவ்வளவு ஒளி போய்ச் சேர்கிறது என்பதை முடிவு செய்கின்றன. ஐஎஸ்ஓ அதைத் தொடுவதே இல்லை. போய்ச் சேர்ந்த ஒளி எலக்ட்ரான்களாக மாறிய பிறகு, அந்தக் குறிகையை (சிக்னலை) எவ்வளவு பெருக்கிப் பதிவு செய்வது என்பதே ஐஎஸ்ஓவின் வேலை. ஒளியோ துகள் துகளாக, ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து விழுவது. ஆகையால் ஒரு பிக்சலில் சராசரியாக 64 எலக்ட்ரான்கள் சேர்ந்தால், அதன் இயல்பான ஏற்ற இறக்கம் 64-இன் வர்க்கமூலமான 8 ஆக இருக்கும். 4 எலக்ட்ரான்களே சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 2, அதாவது குறிகையில் பாதி. இந்த விகிதத்தைப் பிறகு எந்தப் பெருக்கியாலும் சரிசெய்ய முடியாது. பெருக்கும்போது குறிகையும் இரைச்சலும் சேர்ந்தே பெருகுகின்றன.

உங்கள் சிற்பத்தின் இருண்ட பகுதியில் 1/25 நொடியில் ஒரு பிக்சலுக்கு 64 எலக்ட்ரான்கள் சேர்வதாக, கணக்குக்காக, வைத்துக்கொள்வோம். 1/400 நொடியில் அதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 4 மட்டுமே சேரும். ஐஎஸ்ஓ 12800 என்று வைத்தாலும் அந்த 4 நான்காகவேதான் இருக்கும். படம் வெளிச்சமாகத் தெரியும், துர்க்கையின் முகமோ மணல் தூவியதுபோல் இருக்கும். எனவே நிழற்பகுதிக்கு உண்மையான ஒளி வேண்டும், அதை ஷட்டர் வழியாகத்தான் பெற வேண்டும் என்பது முதல் விதி.

அப்படியானால் ஐஎஸ்ஓ மாற்றுவதால் பயனே இல்லையா என்றால், அங்கேதான் கேமராவுக்குக் கேமரா வேறுபாடு வருகிறது. ஒளியின் இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தவிர, குறிகையைப் படித்தெடுக்கும் மின்சுற்றும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது. அதில் ஒரு பகுதி பெருக்கிக்கு முன்னால் சேர்வது, இன்னொரு பகுதி பெருக்கிக்குப் பின்னால், குறிகையை எண்ணாக மாற்றும் கட்டத்தில் சேர்வது. பழைய ஒலிநாடாவில் பாட்டுப் பதிவு செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாடகரின் குரலைப் பதிவுக்கு முன்பே போதிய அளவு பெருக்கிக்கொண்டால் நாடாவின் சீற்றம் அடங்கி ஒலிக்கும், மெல்லியதாகப் பதிவு செய்துவிட்டுக் கேட்கும்போது ஒலியைக் கூட்டினால் சீற்றமும் கூடவே எழும்பும்.

6டி போன்ற அக்காலத்துக் கேனான் கேமராக்களில் பெருக்கிக்குப் பின் சேரும் இரைச்சல் அதிகம், ஏனெனில் குறிகை சென்சாரை விட்டு வெளியே வந்து, வேறொரு சில்லில்தான் எண்ணாக மாற்றப்படுகிறது. ஐஎஸ்ஓ 100-இல் இந்த இரைச்சல் 25 எலக்ட்ரான்களுக்கு நிகர் என்றும், ஐஎஸ்ஓ 800-இல் 4 எலக்ட்ரான்களுக்கு நிகர் என்றும் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 64 எலக்ட்ரான் குறிகைக்கு, ஐஎஸ்ஓ 100-இல் மொத்த இரைச்சல் ஏறத்தாழ 26, ஆகவே குறிகை இரைச்சலைப் போல் 2.4 மடங்கு மட்டுமே. ஐஎஸ்ஓ 800-இல் மொத்த இரைச்சல் ஏறத்தாழ 9, ஆகவே 7.2 மடங்கு. ஒளி ஒரு துளியும் கூடாமல், மூன்று மடங்கு தெளிவு கிடைத்துவிட்டது. கேனானில் பயன் உண்டு என்பவர்கள் சொல்வது இதைத்தான்.

உங்கள் நண்பரின் கேமராவில் எண்ணாக மாற்றும் வேலை சென்சாருக்குள்ளேயே, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாக நடக்கிறது. அங்கே ஐஎஸ்ஓ 100-இலேயே இரைச்சல் 4 எலக்ட்ரான் அளவுதான், உயர்ந்த ஐஎஸ்ஓவில் அது 2 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 7.2 மடங்கு 7.8 ஆகிறது, அவ்வளவுதான். இதற்காக ஒரு தனிப்படம் எடுக்க வேண்டியதில்லை. கேனானும் 2016-இல் வெளிவந்த 80டி, 5டி மார்க் 4 ஆகியவற்றில் இந்த அமைப்புக்கு மாறியது. ஒரு சிறு நுணுக்கம்: ஏ7 மார்க் 3-இல் ஐஎஸ்ஓ 640-இல் சென்சாரின் உள்பெருக்கம் ஒரு படி மாறுவதால், அந்த இடத்தில் மட்டும் நிழற்பகுதி சற்றுத் தெளிவடைகிறது. அதற்கு மேல் ஐஎஸ்ஓவை ஏற்றுவதால் நிழலுக்கு ஏதும் கிடைப்பதில்லை, வெளிச்சப் பகுதிதான் வீணாகிறது.

ஆகவே உங்கள் 6டிக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் ஷட்டரை, உங்கள் கை தாங்கும் எல்லை வரை நீட்டுங்கள். அந்த எல்லைக்கு அப்பால் எஞ்சியிருக்கும் ஸ்டாப்களை மட்டும் ஐஎஸ்ஓவால் நிரப்புங்கள். 24 மி.மீ. லென்ஸில் 1/25 நொடி பெரும்பாலோருக்குக் கைக்கு அடங்கும், உங்கள் லென்ஸில் அதிர்வுக் கட்டுப்பாடும் இருக்கிறது. 1/400-இலிருந்து 1/25 வரை நான்கு ஸ்டாப். எஞ்சிய மூன்று ஸ்டாப்புக்கு ஐஎஸ்ஓ 800. இவ்வாறு 1/400 ஐஎஸ்ஓ 100, 1/100 ஐஎஸ்ஓ 100, 1/25 ஐஎஸ்ஓ 800 என்ற மூன்று படங்களே ஏழு ஸ்டாப்பையும் தாண்டிவிடும்.

துளையை மட்டும் மாற்ற வேண்டாம். எஃப்/8-இல் 2.4 மீட்டருக்குக் குவியம் வைத்தால் ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து தொலைவு முழுதும் கூர்மையாக இருக்கும். துளை மாறினால் கூர்மையின் ஆழம் மாறி, இணைக்கும்போது சிற்பத்தின் விளிம்புகள் பொருந்தாமல் போகும்.

---

கல்மண்டபம் எழுதியது:

ஒளிக்கணக்கன் ஐயா கூறியதை முழுமையாக ஏற்கிறேன். அதே 6டியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துபவன் என்ற முறையில், அதைக் கேமராவில் நடைமுறைப்படுத்தும் வழியை மட்டும் சேர்க்கிறேன்.

6டியின் தானியங்கி பிராக்கெட்டிங் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் நாம் விரும்பும் வரிசையில் சேர்த்து மாற்றித் தராது. எம் முறையில் (ஷட்டரையும் துளையையும் நாமே அமைக்கும் மேனுவல் முறை) தானியங்கி ஐஎஸ்ஓ வைத்து, எக்ஸ்போஷர் ஈடுசெய்தல் மூலம் ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்கும் வசதி பிற்காலக் கேமராக்களில் உண்டு, இதில் இல்லை. ஆகவே மேல்வட்டில் உள்ள சி1, சி2 என்ற இரு இடங்களைப் பயன்படுத்துங்கள். எம் முறையில் எஃப்/8, 1/400, ஐஎஸ்ஓ 100 என்று அமைத்து சி1-இல் சேமியுங்கள். பிறகு எஃப்/8, 1/25, ஐஎஸ்ஓ 800 என்று அமைத்து சி2-இல் சேமியுங்கள். மண்டபத்தில் வட்டை ஒரு சொடுக்குத் திருப்பினால் போதும், பொத்தான்களைத் தேடிக் கேமராவை முகத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை. நடுப்படம் வேண்டுமானால் சி1-இல் ஷட்டர் சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொள்ளலாம்.

ஐஎஸ்ஓவை எப்போதும் முழு ஸ்டாப்களில், அதாவது 100, 200, 400, 800 என்றே வையுங்கள். இக்கேமராவில் 125, 160, 250 போன்ற இடைநிலை எண்கள், அருகில் உள்ள முழு ஸ்டாப்பில் எடுத்ததைக் கணக்கால் கூட்டியும் குறைத்தும் பெறப்படுபவை. இதைவிட முக்கியமானது, எல் என்று காட்டப்படும் ஐஎஸ்ஓ 50. வெயில் மிகுதியாக இருக்கிறதே, ஐஎஸ்ஓவை இன்னும் இறக்கினால் வெளிப்புறம் காப்பாற்றப்படும் என்று எண்ணி அதை நாடுபவர்கள் உண்டு. அது உண்மையில் ஐஎஸ்ஓ 100-இல் ஒரு ஸ்டாப் மிகையாக ஒளி வாங்கி, பிறகு குறைத்துக் காட்டுவது. வெளிச்சப் பகுதி ஒரு ஸ்டாப் முன்னதாகவே வெளுத்துவிடும். பிராக்கெட்டிங்கின் கீழ்ப்படி எப்போதும் 100 ஆகவே இருக்கட்டும், அதற்கும் கீழே ஷட்டரைத்தான் விரைவாக்க வேண்டும். ஹைலைட் டோன் பிரயாரிட்டி என்ற அமைப்பையும் அணைத்து வையுங்கள். அது ஐஎஸ்ஓ 100-ஐயே பயன்படுத்த விடாது, நம் கணக்கையும் குலைத்துவிடும்.

குவியத்தை முதல் படத்துக்கு முன்பே பிடித்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஒயிட் பேலன்ஸும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். வட்டைத் திருப்பும்போது கேமரா சற்று நகரத்தான் செய்யும். ஆகையால் சட்டகத்தின் நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். 1/25 படத்தை மட்டும் தொடர் முறையில் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து எடுத்தால், அவற்றில் ஒன்றாவது மிகக் கூர்மையாக வந்திருக்கும். தூணில் தோளைச் சாய்த்து எடுக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கும் கல்லில் நாம் சாயாமல் இருப்பதே நல்லது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்ட பிறகு அழுத்தினால் போதும்.

இணைக்கும் மென்பொருளில் ஒரு கவனம் தேவை. சில ஹெச்டிஆர் மென்பொருள்கள், கோப்பில் பதிவாகியுள்ள ஷட்டர், துளை, ஐஎஸ்ஓ மூன்றையும் சேர்த்து ஒரே எக்ஸ்போஷர் எண்ணாகக் கணக்கிடுகின்றன. ஐஎஸ்ஓவால் வெளிச்சமான படத்தையும், ஒளியால் வெளிச்சமான படத்தையும் அவை ஒன்றாகவே மதிக்கும். நாம் மேலே சொன்ன வரிசையில் இதனால் கெடுதல் இல்லை, ஏனெனில் ஐஎஸ்ஓ 800 படமே ஒளியும் அதிகம் வாங்கிய படம். ஆனால் ஷட்டரை மாற்றாமல் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றிய படங்களைக் கொடுத்தால், இடைநிலை நிறங்களுக்கும் தேவையில்லாமல் உயர் ஐஎஸ்ஓ படத்தையே எடுத்துக்கொள்ளக்கூடும். நான் ஹியூகின் என்ற படஇணைப்பு மென்பொருளோடு வரும் கருவியால் படங்களை ஒன்றோடொன்று பொருத்திவிட்டு, என்ஃப்யூஸ் என்ற கருவி மூலம் கலக்கிறேன். அது எக்ஸ்போஷர் எண்களைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது.

---

அலைவாய்க்கரை எழுதியது:

இத்திரியில் இன்னும் பேசப்படாத இரண்டு செய்திகளை முன்வைக்க விரும்புகிறேன்.

ஐஎஸ்ஓ பிராக்கெட்டிங் என்ற பெயரிலேயே ஒரு வசதி சில கேமராக்களின் பட்டியலில் இருக்கிறது. குறிப்பாக ஃபியூஜிஃபில்ம் கேமராக்களில் அதைத் தேர்ந்தெடுத்து ஷட்டரை அழுத்தினால், கேமரா எடுப்பது ஒரே ஒரு படம்தான். அதையே உயர்த்தியும் தாழ்த்தியும் மேலும் இரண்டு பிரதிகளைச் செய்து தருகிறது. எந்த வெளிச்சத்தில் படம் பார்க்க நன்றாக இருக்கிறது என்று தேர்ந்தெடுக்க அது உதவலாம், ஒளி வேறுபாட்டின் வீச்சைக் கூட்ட உதவாது. ஒரே படத்தின் மூன்று பிரதிகளை ஹெச்டிஆர் மென்பொருளுக்குக் கொடுப்பவர்களை நான் பார்த்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது செய்தி, உங்கள் 6டிக்கு நேரடியாகப் பொருந்துவது. கேனான் கேமராக்களுக்கான மேஜிக் லேன்டர்ன் என்ற தன்னார்வலர்களின் மென்பொருளில் 2013-இல் டூயல் ஐஎஸ்ஓ என்ற வசதி வந்தது. ஒரே எக்ஸ்போஷரில், சென்சாரின் இரண்டு வரிகளை ஐஎஸ்ஓ 100-இலும் அடுத்த இரண்டு வரிகளை ஐஎஸ்ஓ 800 அல்லது 1600-இலும் மாறி மாறிப் படிப்பதே அதன் உத்தி. ஒளிக்கணக்கன் விளக்கிய அதே பெருக்கிக்குப் பிந்தைய இரைச்சலைத்தான் அது வெல்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் பதிவாவதால் நடமாடும் மனிதர்களாலோ கை அசைவாலோ பொருந்தாமை வருவதில்லை. அதற்கு விலையும் உண்டு. மிக இருண்ட பகுதியிலும் மிக வெளிச்சமான பகுதியிலும் செங்குத்துத் தெளிவு பாதியாகிவிடும், நுண்ணிய செதுக்கல்களில் படிக்கட்டுப் போன்ற விளிம்புகள் தோன்றலாம், கோப்பை அதற்குரிய கருவியால் டிஎன்ஜி என்ற ரா கோப்பு வடிவத்துக்கு மாற்றிய பிறகே சரியாகத் திறக்க முடியும். அது நிறுவனம் வழங்கும் மென்பொருள் அன்று, பொறுப்பு முழுவதும் நம்முடையதே என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். செதுக்கலின் நுட்பமே பொருளாக இருக்கும் உங்கள் படத்துக்கு, தனித்தனிப் படங்களாக எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

அதைவிடவும் எனக்குப் பிடித்த வழி ஒன்றுண்டு. வெளிப்புறத்துக்கு 1/400 ஐஎஸ்ஓ 100-இல் ஒரு படம் எடுத்துக்கொண்டு, உட்புறத்துக்கு 1/25 ஐஎஸ்ஓ 800-இல் பதினாறு படங்களைத் தொடராக எடுங்கள். அவற்றைப் பொருத்திச் சராசரி எடுத்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். நான்கு ஸ்டாப் அதிகமாக ஒளி வாங்கியதற்கு அது ஒப்பாகும், டிரைபாட் இல்லாமலேயே. சராசரிக்குப் பதிலாக நடுமதிப்பை எடுத்தால், குறுக்கே நடந்தவர்கள் பெரும்பாலும் மறைந்துவிடுவார்கள், இரைச்சல் குறைவது மட்டும் சற்றே மட்டுப்படும். கூகுள் தன் கைப்பேசிகளில் 2013-இல் கொண்டுவந்த ஹெச்டிஆர் பிளஸ் கூட, வெவ்வேறு எக்ஸ்போஷர்களை நாடாமல், வெளிச்சப் பகுதி வெளுக்காத ஒரே எக்ஸ்போஷரில் பல படங்களை எடுத்து இணைக்கும் இந்த முறையைத்தான் பின்பற்றியது. ஆனால் உங்கள் கேமராவில் இத்தொடரை ஐஎஸ்ஓ 100-இல் எடுக்காதீர்கள். அங்கே இருளில் தோன்றும் கோடுகள் படத்துக்குப் படம் அதே இடத்தில் வருபவையாக இருந்தால், சராசரியால் அவை நீங்குவதில்லை.

---

நெய்தல்வெளி எழுதியது:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. மண்டபத்துக்குச் செல்வதற்கு முன், வீட்டில் மாலை வெளிச்சத்தில் ஒரு புத்தக அலமாரியை வைத்துச் சோதித்தேன். துளையையும் ஷட்டரையும் மாற்றாமல், என் 6டியிலும் நண்பரின் ஏ7 மார்க் 3-இலும் ஐஎஸ்ஓ 100-இல் ஒன்றும் 800-இல் ஒன்றும் எடுத்து, முதல் படத்தை ரா மென்பொருளில் மூன்று ஸ்டாப் ஏற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சோனியில் இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது கடினமாக இருந்தது. 6டியில் ஏற்றிய படத்தின் அலமாரி இடுக்குகளில் செந்நிறப் புள்ளிகளும் மெல்லிய கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன, 800-இல் எடுத்த படத்தில் புத்தக முதுகுகளின் எழுத்தைப் படிக்க முடிந்தது.

ஒரே ஒரு ஐயம் எஞ்சியுள்ளது. காலையில் செல்வதா, மாலையில் செல்வதா? ஏழு ஸ்டாப் என்பது நான் நண்பகலில் அளந்தது.

---

கல்மண்டபம் எழுதியது:

காலையில் செல்லுங்கள். மண்டபம் கிழக்கு நோக்கியது. இளவெயில் முகப்பில் விழுந்து, தரையில் பட்டு உள்ளே எதிரொளிக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு தானே சுருங்குகிறது. ஐஎஸ்ஓவை அவ்வளவு ஏற்றத் தேவையிராது, 400-இலேயே முடிந்துவிடலாம். கதிரவன் நேராகச் சட்டகத்துக்குள் வராதபடி நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போய் மீண்டும் ஒருமுறை அளந்து, சி1, சி2 இரண்டையும் அந்த அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இணைக்கும்போது ஒரு வேண்டுகோள். வடசுவர்ச் சிற்பத்துக்கு ஒளி கிழக்கிலிருந்து, பக்கவாட்டில் வருகிறது. சிங்கத்தின் மேல் அமர்ந்து முன்னேறும் துர்க்கையின் உடல் திரட்சியும், பின்வாங்கும் மகிடனின் சாய்வும் அந்தப் பக்க ஒளியின் நிழலால்தான் கண்ணுக்குப் புலப்படுகின்றன. ஐஎஸ்ஓ 800 படம் கையில் இருக்கிறதே என்று எல்லா நிழலையும் வெளிச்சமாக்கிவிட்டால், புடைப்புச் சிற்பம் தட்டையான சித்திரமாகிவிடும். அந்தப் படத்தைப் பாதி வலுவில் மட்டும் கலந்து, சிற்பத்தின் மேற்குப் பக்கம் இருண்டே இருக்கும்படி விடுங்கள். இருளுக்குள் விவரம் தெரிய வேண்டும், இரைச்சல் தெரியக்கூடாது. நாம் ஐஎஸ்ஓவை ஏற்றுவது அந்த அளவுக்கு மட்டுமே.